பி.ஏ. வரலாறு சேர்ந்தவர்களுக்கு: கைடை மூடிவிட்டுக் கோவில் சுவரைப் படியுங்கள்

வரலாறு எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் "வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்கும் மாமா எல்லார் வீட்டிலும் இருப்பார். டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும் என்று சொல்லித் தப்பிக்கலாம், உதவவும் செய்யும். ஆனால் அதற்காக மட்டும் என்றால் மூன்று வருடம் தேவையில்லை. ஒரு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு இதை யார் எழுதினார், எதற்கு எழுதினார், யாரை விட்டுவிட்டார் என்று கேட்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. அதற்குக் காவிரி டெல்டாவைவிட நல்ல இடம் அமையாது.

தேர்வுக்குக் கைடு போதும், படியுங்கள். கூடவே முதல் செமஸ்டரிலேயே ஒரு மூலச் சான்றை முழுசாகப் படித்துவிடுங்கள். என் சிபாரிசு தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் (South Indian Inscriptions) என்ற நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன, இணையத்திலும் ஸ்கேன் கிடைக்கிறது. முதலில் அச்சில் படியுங்கள், அப்புறம் சுவரில் தேடுங்கள். எழுத்து பழகப் பழக வரும்.

"நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொல்கிறான். அக்கன் என்றால் அவன் அக்கா குந்தவை. வெவ்வேறு ஊர்க் கோவில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோவில் பணிக்கான ஆடல் மகளிரின்) பெயர், எந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதற்கு ஒரு வரி கிடையாது. கோவிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலைப் பாருங்கள். வரி இல்லாத நிலம், அதாவது இறையிலி, என்று ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி, பறைச்சேரி எல்லாம் வரும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே சேரி தனியாக இருந்திருக்கிறது என்பதை இறையிலிக் கணக்கு எழுதியவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போகிறார், சொல்கிறோம் என்று நினைக்காமலே. இப்படிப் போகிற போக்கில் வருவதைப் பிடிக்கத் தெரிந்தால் பாதிப் படிப்பு முடிந்தது.

ஜப்பானிலிருந்து வந்த வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, அல்லூர், ஈசானமங்கலம் என்ற திருச்சிப் பக்கத்து இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, சோழர் காலத்தில் நிலம் யார் கையில் எப்படி இருந்தது என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வை அவர் ஆங்கிலத்தில் எழுதினார், அதனால் அகராதியை வைத்துக்கொண்டாவது ஆங்கிலம் படியுங்கள். முடிந்தால் மராத்தியை எழுத முன்பு பயன்பட்ட மோடி எழுத்தும் கற்றுக்கொள்ளுங்கள். தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் அந்த எழுத்தில் கிடக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ப்ராஜெக்டுக்கு உங்கள் ஊரையே எடுங்கள். 1952இல் தஞ்சை மாவட்டப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்துக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் வயலில் இறங்கியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கூலி எத்தனை மரக்கால், யார் அளந்தார்கள், எப்போது மாறியது என்று போய்க் கேளுங்கள். அனுமதி வாங்கிப் போனில் பதிவு செய்யுங்கள், பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். மிராசுதார் தெருவிலும் தொழிலாளர் தெருவிலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பதில்கள் மோதினால் சமாதானம் பண்ணி ஒன்றாக்க வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இது ஏன் முக்கியம்? பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. சாயங்காலம் போனால் நிழல் கண்ணெதிரே விழுந்து கிடக்கும். அந்தப் பொய்யால் பெரிய கேடில்லை. ஆனால் இந்த நிலம் ஆதியிலிருந்தே எங்களுடையது, நீங்கள் வந்தேறிகள் என்று அதே பாணியில் வரும் செய்தியால் தெருவில் ரத்தம் சிந்தும். சான்று எங்கே என்று அமைதியாகக் கேட்க ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊர்க் கோவிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்றால் அதற்கு முன்பே எல்லாச் சுவரையும், அடித்தளத்தையும், நிலைக்காலையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு, சிமெண்ட், டைல்ஸ் ஏறிய பிறகு எழுத்து தெரியாது. படங்களைத் துறை ஆசிரியரிடம் காட்டி, அந்தக் கல்வெட்டு ஏற்கெனவே பதிவானதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.