தைத்து முடித்த பனியனை என்ன விலைக்கு ஸ்டாக்கில் ஏற்றுவது?

நூல் வாங்கினால் மில்லிலிருந்து பில் வரும். அதைப் பார்த்து ஸ்டாக்கில் ஏற்றிவிடலாம். தைத்து, செக்கிங் முடிந்து, பெட்டி கட்டி குடோனுக்கு வரும் டி-ஷர்ட்டுக்கு யாரும் பில் தருவதில்லை. அதன் விலையை நாம்தான் கணக்குப் போட வேண்டும். திருப்பூரில் சிறு யூனிட்டுகளின் கணக்கைப் பார்க்கும்போது, மார்ச் 31 ஸ்டாக் மதிப்பு பெரும்பாலும் இங்கேதான் தப்பாகிறது.

அதிகம் அடிபடுவது எடை இழப்பில். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிலோ நூல், கிலோ 280 ரூபாய். நிட்டிங் கிலோவுக்கு 20, சாயம் 100. மொத்தம் 40,000 ரூபாய். உடனே துணி கிலோ 400 என்று எழுதி, பீஸைத் தராசில் வைத்து, 160 கிராமுக்கு 64 ரூபாய் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்தது 95 கிலோதான். வெட்டும்போது அதில் 15 கிலோ கட்டிங் வேஸ்ட். மீதி 80 கிலோவில் 500 பீஸ். வேஸ்டை கிலோ 40-க்கு விற்றால் 600 ரூபாய் வரும். அதைக் கழித்தால் 39,400. அப்படியென்றால் ஒரு பீஸுக்குத் துணிச் செலவே 78 ரூபாய் 80 காசு. இந்த 500 பீஸில் மட்டும் ஸ்டாக் 7,400 ரூபாய் குறைந்து நிற்கிறது.

வழக்கமான இழப்பை இப்படி நல்ல பீஸ்கள் சுமக்கலாம். சாயம் தப்பி ஒரு லாட்டே வீணானால் கதை வேறு. அந்தச் செலவை மற்ற பீஸ்கள் மேல் ஏற்றக் கூடாது. அந்த வருடத்து நஷ்டமாகவே எழுத வேண்டும்.

அடுத்தது கூலி. டேலி கணக்கு மென்பொருளில், மூலப்பொருளைக் கழித்து முடிந்த பீஸை ஸ்டாக்கில் ஏற்றும் மேனுபேக்சரிங் ஜர்னல் போடும்போது துணி, பட்டன், லேபிளை மட்டும் கழித்துவிட்டு, கூடுதல் செலவுக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தையல் கூலி இல்லாமலே பீஸ் ஸ்டாக்குக்கு வந்துவிடும். வெளியே கொடுத்துத் தைக்கும் ஜாப் ஒர்க் பில் அடுத்த மாதம்தான் வரும் என்பார்கள். சரி, பேசிய ரேட் கையில் இருக்கிறதே? அதை இப்போதே போட்டுவிட்டு, பில் வந்ததும் வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள்.

வாடகை, சூப்பர்வைசர் சம்பளம் போன்ற நிலையான உற்பத்திச் செலவை ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். மாதம் 4 லட்சம் செலவு, வழக்கமாக 20,000 பீஸ் ஓடும் யூனிட் என்றால் பீஸுக்கு 20 ரூபாய். ஆர்டர் இல்லாத மாதத்தில் 10,000 பீஸ்தான் ஓடியது என்பதற்காக 40 ரூபாய் ஏற்றக் கூடாது. அப்போதும் 20 தான். மீதி 2 லட்சம் நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். மெஷின் சும்மா நின்றதால் பனியனின் மதிப்பு கூடிவிடாது, இல்லையா?

கிரெடிட் எடுக்கும் ஜி.எஸ்.டி., ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் நிர்வாகச் செலவு, கஸ்டமருக்கு அனுப்பும் லாரி வாடகை எதுவும் ஸ்டாக் விலையில் சேராது.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, டேலி மெனுவில் இருக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துவிடாதீர்கள். கடைசியில் வந்தது முதலில் போகும் லைஃபோவும் அதில் உண்டு, ஆனால் ஏ.எஸ். 2 கணக்கியல் தரநிலை அதை ஏற்பதில்லை. பிரித்து அடையாளம் காண முடியாத இந்த மாதிரிச் சரக்குக்கு முதலில் வந்தது முதலில் போகும் ஃபைஃபோ அல்லது வாங்கிய அளவுக்கேற்ப சராசரி விலை எடுக்கும் எடையிட்ட சராசரிதான். நூல் விலை ஏறி இறங்கும்போது லாபம் நன்றாகத் தெரிகிறதே என்று வருடத்துக்கு வருடம் இரண்டுக்கும் தாவவும் கூடாது.

அப்புறம், செலவு 130 ரூபாய் ஆன பீஸ், ஆர்டர் கேன்சலாகி 90-க்குத்தான் போகும், விற்க 5 ரூபாய் ஆகும் என்றால், ஸ்டாக்கில் 85 தான். ஆனால் நூல் விலை இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும் குடோனில் உள்ள நூலின் மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள். அதில் தைக்கும் பனியன் அடக்க விலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால், நூல் வாங்கிய விலையிலேயே இருக்கலாம்.