அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு: முப்பதாம் நாளுக்கு எழுதுகிறவர்களுக்கு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் திருப்பலியில் (பூசையில்) கொடுக்க ஒரு சிறு மடல் அச்சடிப்பது வழக்கம். முன்பக்கம் படமும் செபமும், பின்பக்கம் வாழ்க்கைக் குறிப்பு. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் என்பதால், “கொஞ்சம் திருத்திக் கொடுங்க டீச்சர்” என்று அந்தப் பின்பக்கம் என்னிடம் வந்துவிடும். தூத்துக்குடியில் இது எனக்கு ஓய்வுக்கால உத்தியோகம் மாதிரி.

வருகிற குறிப்புகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. “அன்பின் வடிவம், பக்தியின் சிகரம், ஏழைகளின் தாய்.” பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த தெரு ஆச்சிக்கும் பொருந்தும். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, பிள்ளைகளை ஆளாக்கி, பாதி ஆயுளைக் கோவில் வேலையில் கழித்த ஒருவருக்கு அது போதாது. அவர் என்ன குணம் என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்று எழுதினால் குணம் தானாக வந்துவிடும்.

நீங்கள் மகனோ மகளோ என்றால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி வீட்டுக்கு வெளியே நடந்தது. அதைத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அம்மா மரியாயின் சேனையில், அதாவது கோவில் மக்கள் கூடிச் செபித்து வீடு சந்திக்கும் அமைப்பில், இருந்தவரா? சேனையில் வீடு சந்திக்கத் தனியாக அனுப்ப மாட்டார்கள், இருவர் இருவராகத்தான் போக வேண்டும். 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் ஒழுங்கு. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருவராகப் போவதுதான் வழக்கம். ஆக, அம்மாவோடு ஜோடியாகப் போன ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிப் போங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போய் உட்காருங்கள். “அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமானவங்க” என்றுதான் பதில் வரும். “எந்தெந்த வீட்டுக்குப் போனீங்க? யாரு முதல்ல பேசுவாங்க? பஸ்ஸா, நடையா?” என்று கேளுங்கள்.

சேனையில் வாராவாரம் ஒவ்வொருவரும் செய்த பணியை அறிக்கையாகச் சொல்ல வேண்டும், செயலர் அதை எழுதி வைப்பார். அந்த அறிக்கைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. தலைவியிடம் போய், அம்மா சேர்ந்த வருடம், வகித்த பொறுப்பு, எந்த மாதிரிப் பணி என்பதை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்வார்கள்.

அடுத்தது தேதிகள். அம்மாவின் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த நாளை நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த நாள். ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டைப் பாருங்கள். அதில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை எல்லாம் இருக்கும். விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வேறு ஊர்க் கோவிலில் கல்யாணம் நடந்திருந்தாலும் அங்கிருந்து தகவல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பழைய பதிவுகள் பல கோவில்களில் லத்தீனில் இருக்கும். பங்குத்தந்தையோ, கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியாரோ படித்துச் சொல்வார்கள். பதிவேட்டில் உள்ள பெயரும் வீட்டில் கூப்பிட்ட பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் மடலை வாங்குகிறவர்களுக்கு யாரென்றே தெரியாது.

வயதானவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டுப் பயனில்லை. “தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்றால் உடனே சொல்வார்கள். அது 1964 டிசம்பர். எங்கள் பனிமய மாதா கோவில் பேராலயமாக (பசிலிக்காவாக) உயர்ந்தது 1982. இரண்டாம் ஜான் பால் போப் சென்னைக்கு வந்தது 1986 பிப்ரவரி. சுனாமி 2004. இந்த நாலு ஆணியை அடித்துக்கொண்டால் ஒரு வாழ்க்கையை மாட்டிவிடலாம்.

இன்னொரு விஷயத்தையும் தோண்டச் சொல்வேன், பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். 1930களில் பிறந்த ஒரு கத்தோலிக்கப் பெண் தன் கோவில் மாறிப்போனதைக் கண்ணால் பார்த்தவர். சிறு வயதில் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் திருவிருந்து அப்பம், வாங்குவதற்கு முந்தின நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. 1953இல்தான் தண்ணீர் குடித்தால் பாதகமில்லை என்று ஆனது. பூசை லத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்றார், பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. பெண்கள் வாசகம் வாசித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனில் குருவானவர் பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று 2016இல் ஒழுங்கு வந்தது. இதில் எதில் உங்கள் அம்மா முதல் ஆளாக நின்றார், எதற்கு முகம் சுளித்தார் என்று கேளுங்கள். முகம் சுளித்ததையும் எழுதலாம், தப்பில்லை.

இனி எழுதுவது. போன வருடம் ஒரு குறிப்பில் “ஆலயப் பணியில் ஆர்வமுடன் ஈடுபட்டார்” என்று இருந்தது. மகளை உட்காரவைத்துப் பேசிய பிறகு அந்த வரி இப்படி ஆனது: “சனிக்கிழமை நாலு மணிக்குப் பூவோடு போய்ப் பீடம் சோடிப்பார். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை என்பதால், அந்த வாரங்களில் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய்ப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்த்துக் கழுவுவார். கை கறுத்துத்தான் வீடு திரும்புவார்.” பேசும்போது மகள் சொன்ன இன்னொன்று: “சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல சுடுசோறு கிடையாது டீச்சர்.” அதையும் போடச் சொன்னேன். அண்ணன்காரர் வேண்டாம் என்றார், அம்மாவைக் குறை சொன்ன மாதிரி இருக்கிறதாம். கடைசியில் மகள் பிடிவாதம் ஜெயித்தது. கோவிலில் மடலைப் படித்த பெண்கள் அந்த இடத்தில்தான் சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். வீட்டையும் கோவிலையும் ஒருசேரச் சுமந்தவரின் குறிப்பில் வீட்டார் கொடுத்த விலை ஒரு வரியாவது இருக்கட்டும்.

ஆனால் உதவி பெற்றவர்களை எழுதக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. “இன்ன தெருவில் இன்னார் மகள் கல்யாணத்துக்குப் பணம் புரட்டிக் கொடுத்தார்” என்று ஒரு மகன் எழுதி வந்தார். அந்த மகள் இன்றைக்கும் அதே கோவிலில் பூசை காண வருகிறவள். பெயர், தெரு, ஆண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேலையை மட்டும் வையுங்கள்: “சபை கொடுத்த அரிசியைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்கத் தண்ணீர்க் குடத்தில் போட்டு எடுத்துப் போவார்.” அவர் மறைத்துச் செய்ததை நாம் அச்சடித்துக் காட்டிக்கொடுக்க வேண்டுமா?

குடித்த கணவர், பேசாமல் போன மருமகள், சொத்துச் சண்டை ஆகியவை வேண்டாம். “கணவரின் மறைவுக்குப் பிறகு தனியாக நின்று” என்ற அளவில் நிறுத்துங்கள். நோயைப் பற்றியும் ஒரு வரி போதும்.

அடக்கத் திருப்பலியில் வாசிக்க எழுதுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறையுரை, அதாவது பூசையில் குருவானவர் ஆற்றும் உரை, இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக் கூடாது என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. குடும்பத்தில் ஒருவர் பேச அனுமதி உண்டு, நன்மை கொடுத்த பிறகான செபம் முடிந்து இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்கும் முன். மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அழாமல் படிக்கக்கூடிய பேரனையோ பேத்தியையோ நிறுத்துங்கள்.

மடலுக்கு இருநூறு சொல் போதும். அச்சுக்கு முன் அந்த ஜோடிக்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், தப்பு இருந்தால் அவர்தான் பிடிப்பார். அப்புறம் அச்சகத்தில் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அம்மாவின் வயதுக்காரர்கள், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.