வேனில் இருக்கும் பழைய ரேடியம் எழுத்துகளை எடுப்பது எப்படி?

உள்ளே படுக்கை போட்டு ஊர் சுற்றலாம் என்று நாங்கள் வாங்கிய வெள்ளை மாருதி ஈகோ வேன், அதற்கு முன் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் ஓடியது. இரண்டு பக்கமும் 'கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு – ஆர்டரின் பேரில் சமைத்துத் தரப்படும்' என்று பெரிய சிவப்பு எழுத்து. பின்கதவில் அவருடைய போன் நம்பர். ஒருநாள் பெட்ரோல் பங்கில் ஒரு பெரியவர் வந்து, இருநூறு இலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவருக்கு விவரம் சொல்லி, கதவில் இருந்த நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வாரமே எழுத்துகளை எடுக்க உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரை உரிப்பது சின்ன வேலை. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பசையோடுதான் பாடு. பெயின்ட் கெடுவதும் பெரும்பாலும் அந்தப் பசையை அவசரப்பட்டுச் சுரண்டும்போதுதான்.

1. என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து நகர்த்துங்கள். படி மாதிரித் தட்டினால் ரேடியம் ஸ்டிக்கர். பிரஷ் தடம் தெரிந்தால் கையால் எழுதிய எனாமல் பெயின்ட். அதைச் சூடு காட்டி உரிக்க முடியாது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால் முதல்முறை செய்பவர்கள் இதைப் பெயின்டரிடம் விடுவது நல்லது.

வண்டி மறுபடி பெயின்ட் அடித்ததா என்பதையும் பாருங்கள். கண்ணாடி, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயின்ட் படிந்திருந்தால் சந்தேகப்படலாம். பட்டறையில் அடித்த பெயின்ட் ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வரக்கூடும்.

முன்கண்ணாடியில் உள்ள நம்பர் பிளேட் ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். வண்டி வணிக வாகனமாகப் பதிவாகியிருந்தால் ஒளிரும் டேப்பையும் விட்டுவிடுங்கள். ஃபாஸ்டாக்கைப் பிய்த்தால் மறுபடி பயன்படாது. பழைய ஓனர் கணக்கை மூடியபின் எடுங்கள்.

2. கழுவுங்கள்

ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். மண் துகள் ஒன்று துணியில் மாட்டினாலும் கீறல் விழும்.

3. சூடு காட்டி உரியுங்கள்

வீட்டில் இருக்கும் ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் 500 டிகிரி வரைகூடப் போகும். பழகாத கைக்கு வேண்டாம், பிளாஸ்டிக் பம்பர் உருகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் நிறுத்தினால் பாதி வேலையை வெயிலே செய்துவிடும்.

டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். தகட்டில் கை வைத்தால் சூடு உறைக்க வேண்டும், ஆனால் இரண்டு மூன்று விநாடி வைத்திருக்க முடிய வேண்டும். அதுதான் பதம். மூலையை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ கிளப்புங்கள். கத்தி, பிளேடு எதுவும் தகட்டுப் பக்கமே வரக்கூடாது.

இழுக்கும் விதம் முக்கியம். நம்மை நோக்கி வெளியே இழுக்கக் கூடாது. கிளப்பிய பகுதியை அப்படியே பின்னால் மடித்து, தகட்டை ஒட்டினாற்போல், ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக மெல்ல இழுங்கள். ஸ்டிக்கர் பட்டென்று அறுந்தால் சூடு போதவில்லை. பசை நூல் நூலாக நீண்டால் சூடு அதிகம். கொஞ்சம் ஆற விடுங்கள். பதம் சரியாக இருந்தால் பசையின் பெரும்பகுதி ஸ்டிக்கரோடே வந்துவிடும்.

எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது 'ண', 'ள' போன்ற பெரிய எழுத்துகள் அல்ல. அவை சுருளாக வந்துவிட்டன. புள்ளிகள்தான்! மிளகளவு இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகச் சூடாக்கி, கார்டு முனையால் நெம்ப வேண்டியிருந்தது. 'கல்யாணம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு புள்ளி.

வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கும் ஸ்டிக்கருக்கு, டிரில்லில் மாட்டும் ரப்பர் வீல் உண்டு. குறைந்த வேகத்தில் நகர்த்திக்கொண்டே ஓட்டுங்கள். ஓரிடத்தில் நின்றால் பெயின்ட் கருகும்.

பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும், சோப்புத் தண்ணீர் தெளித்து பிளேடு பயன்படுத்தலாம். உள்பக்கம் டீஃபாகர் கோடுகள் (பனிமூட்டத்தைப் போக்கும் மெல்லிய சூடாகும் கம்பிகள்) இருந்தால் அங்கே பிளேடு கூடாது.

4. பசையை எடுங்கள்

டிரையரை அணைத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இனி கையில் எடுப்பது தீப்பிடிக்கும் பொருள். மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைனைப் பனியன் துணியில் நனைத்து, பசை மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். ஊறியபின் ஒரே திசையில் வழித்து எடுங்கள், துணியைத் திருப்பித் திருப்பிப் பிடித்து. வட்டமாகத் தேய்த்தால் பசை இடம் மாறுமே தவிர போகாது. தேங்காய் எண்ணெயிலும் பசை இளகும், நேரம்தான் ஆகும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வேண்டாம். மறுபெயின்ட் அடித்த வண்டியில் கலரையே கரைத்துவிடும். முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள்.

5. நிழல் எழுத்து

எல்லாம் எடுத்தபிறகும் சாய்வாகப் பார்த்தால் பழைய எழுத்து அப்படியே தெரியும். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாகவே இருக்கிறது. சுற்றியுள்ளது மங்கிவிட்டது, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்டை (பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் களிம்பு) ஈரத்துணியில் எடுத்து, முழம் அளவுள்ள பகுதியாகத் தேயுங்கள், எழுத்தை மட்டுமல்லாமல் சுற்றுப்புறத்தையும் சேர்த்து. கிளியர் கோட் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத வண்டியில் துணியில் வண்டியின் கலர் ஏறும். மங்கிய மேல்படலம் வருகிறது, பயப்பட வேண்டாம். ஓரங்கள், மடிப்பு முனைகளில் மட்டும் அழுத்தாதீர்கள். வெள்ளையில் நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பு, நீல வண்டிகளில் கொஞ்சம் தங்கும். அதற்காக வேறு கலர் அடிப்பதானால் ஆர்டிஓவில் ஆர்சியை மாற்ற வேண்டும்.

கடைசியாக வேக்ஸ். புதிதாக ஏதேனும் பெயர் ஒட்டும் எண்ணம் இருந்தால் அதை ஒட்டிவிட்டு, மற்ற இடத்துக்கு மட்டும் போடுங்கள். வேக்ஸ் பூசிய தகட்டில் ஸ்டிக்கர் சரியாகப் பிடிக்காது.