சீழ் ரிப்போர்ட்டில் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதும் முன்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மழைக்காலத்தில் நம் மேசைக்கு வரும் சீழிலும் ரத்தத்திலும், சேற்றிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் நோய் ஒளிந்திருக்கலாம். அதை ‘சூடோமோனாஸ்’ என்ற வேறு கிருமி என்று தவறாக எழுதிவிடுவது எளிது. கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. குதிரை, கழுதைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் கிருமியான மல்லைக்கு இது பங்காளி. மல்லை விலங்கின் உடம்பை நம்பிப் பிழைப்பது. சூடோமல்லையோ சேற்றிலும் தேங்கிய நீரிலும் தானாகவே வாழும். 1911இல் ரங்கூனில் இந்த நோயைக் கண்டறிந்தவர்கள் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். நோய்க்கு விட்மோர் பெயர் ஒட்டிக்கொண்டது, கிருஷ்ணசாமியை யார் நினைக்கிறார்கள்?

முதலில் ஆளை விசாரியுங்கள். சர்க்கரை இருக்கிறதா, நடவுக்கோ களையெடுக்கவோ வயலில் இறங்கினாரா, குடிப்பழக்கம் உண்டா, வெள்ளத்தில் நடந்தாரா? டிபி என்று மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடவில்லையா? கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தாலே சந்தேகப்படுங்கள், டாக்டரிடம் சொல்லி ரத்தக் கல்ச்சரும் கேளுங்கள்.

அடுத்தது உங்கள் பாதுகாப்பு. பிளேட்டைத் திறந்து மோந்து பார்க்கும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. கையுறை போட்டு, பயோசேஃப்டி கேபினட்டுக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். அது இல்லாத லேப் என்றால் பிளேட்டை மூடி பெரிய லேபிடம் கேளுங்கள். சாதாரண கூரியரில் அனுப்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, பொறுமை. நான் சறுக்கியது இங்கேதான். 24 மணி நேரத்தில் மக்கான்கி அகாரில் சின்னச் சின்னதாய், பார்க்க ஒன்றுமில்லாததாய் இருந்த காலனிகளை ‘கலப்படம்’ என்று ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டேன். 48 முதல் 72 மணி நேரம் விட்டிருந்தால் உலர்ந்து சுருங்கிய முகத்தைக் காட்டியிருக்கும். இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் அகார் இருந்தால் ஊதா நிறத்தில் சுருக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிறகு சோதனை. ஆக்சிடேஸ் பாசிட்டிவ். கிராம் நெகட்டிவ் குச்சி, பல நேரம் இரு முனையும் அடர்ந்து ஊக்கு மாதிரி இருக்கும். ஆன்டிபயாட்டிக் டிஸ்க்கில்தான் அசல் துப்பு: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாது, ஆக்மென்டினுக்குப் பெரும்பாலும் மசியும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். தானியங்கி இயந்திரம் ‘செப்பேசியா’ (இதே பர்க்கோல்டேரியா இனத்தின் வேறொரு கிருமி) என்று சொன்னாலும் அப்படியே நம்பாதீர்கள், அது இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. ஜிப்மர் போன்ற இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டைத் தட்டில் போட்டு வைக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமாவது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பலாம். தடுப்பூசி கிடையாது. சர்க்கரை உள்ளவர் சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடட்டும், காயத்தைத் தண்ணீர் புகாமல் மூடட்டும்.

நோயாளி குதிரை வண்டிக்காரரோ கழுதை வளர்ப்பவரோ என்றால் கிளாண்டர்ஸையும் மனதில் வையுங்கள். மல்லை மைக்ரோஸ்கோப்பில் தானாக நகராது, ஜென்டாமைசினுக்குப் பெரும்பாலும் மசியும். விலங்கின் மூக்கில் சளியும் புண்ணும் இருந்தால் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.