இருட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை ஆறு மணி என்றால் இன்னும் இருட்டு. நன்றாக வெளிச்சம் வர ஏழு ஆகிவிடும். ஏழரைக்கு நான் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் என் ஓட்டம் பெரும்பாலும் இருட்டில்தான். எங்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகள் முடிகிற இடத்திலிருந்து செம்மண் சாலை ஒன்று செம்பனைத் தோட்டத்துக்குள் போகிறது. போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். நாற்பத்து நான்கு வயதில் இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன பிறகு, எதிர் வீட்டு அக்காவோடு நடக்கத் தொடங்கினேன். இப்போது அவர் நடக்கிறார், நான் ஓடுகிறேன். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன எம்பி3 பாட்டுப் பெட்டி மட்டும் இல்லையென்றால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே திரும்பியிருப்பேன். “எனக்கும் அந்த மாதிரி ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது தங்கச்சி?” என்று சென்ற வாரம் அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கைப்பேசி போதாதா என்பதுதான் எல்லாருக்கும் முதலில் வரும் கேள்வி. எங்கள் ஊருக்கு அது போதாது. செம்பனைக்குள் அரை கிலோமீட்டர் போனதும் இணையம் அறுந்துவிடுகிறது, அதோடு பாட்டும் நின்றுவிடுகிறது. ஏறக்குறைய 200 கிராம் எடை கையில் கட்டிய பட்டையோடு நழுவிக்கொண்டே இருக்கும். வியர்த்த விரல் பட்டால் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. ஆப்பிள் 2005இல் கொண்டுவந்த முதல் ஐபாட் ஷஃபிளின் எடை 22 கிராம்தான். அதில் திரையே கிடையாது. உடற்பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். 2017இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழையது கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் யோசித்து வாங்குங்கள். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன காலத்தில், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே நிரையில் நிற்பார். “கத்தி எங்கே இருக்கிறது என்று கை தேடக் கூடாது, கைக்கே தெரிந்திருக்க வேண்டும்” என்பார். பாட்டுப் பெட்டி வாங்கும்போதும் நான் பார்ப்பது இதைத்தான். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நிறுத்துவது, அடுத்த பாட்டுக்குப் போவது, ஒலியைக் குறைப்பது, பொத்தான்களைப் பூட்டுவது ஆகிய நான்கையும் கட்டைவிரலால் மட்டும் செய்து பாருங்கள். பொத்தான்கள் மேடு பள்ளமாக, ஒன்றுக்கொன்று வேறுபட்டு இருக்க வேண்டும். எல்லாம் வழவழவென்று ஒரே தட்டையாக இருந்தால், எவ்வளவு அழகான பெட்டியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். தினமும் ஓடப்போகிறவர் நீங்கள். பூட்டும் வசதி இல்லாத பெட்டியில் சட்டை உரசினாலே பாட்டு மாறிவிடும்.

அடுத்து, பின்புறக் கவ்வி. பிளாஸ்டிக் கவ்வி சில மாதங்களில் தளர்ந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். கம்பிச்சுருள் வைத்த கவ்வியாக இருந்தால் நல்லது. அதை இடுப்பில் மாட்டாமல் கழுத்துப் பட்டியில் மாட்டுங்கள், ஏனென்றால் வியர்வை எல்லாம் இடுப்பில்தான் போய்த் தேங்கும்.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் முதல் பெட்டியை அதற்குத்தான் பறிகொடுத்தேன். நான்கே மாதத்தில் சார்ஜ் செய்யும் துளையில் பச்சை பூத்து, கம்பியைச் செருகினாலும் உயிர் வரவில்லை. வியர்வையில் இருக்கும் உப்பு உலோகத்தை அரித்துவிடுகிறது. அட்டைப் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஒரு குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 4க்குக் குறைந்து வாங்காதீர்கள். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, உப்பு நீரில் அல்ல. ஆகவே எண் எதுவாக இருந்தாலும், வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். ஈரம் காய்வதற்கு முன் சார்ஜ் போடாதீர்கள்.

நீச்சல் பயிற்சிக்கு என்றால் கதையே வேறு. புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். பாட்டு காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413, ஷாக்ஸின் ஓப்பன்ஸ்விம் இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டிலும் 4 ஜிபி இடம் உண்டு.

எத்தனை ஜிபி வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சாதாரணத் தரத்தில், அதாவது நொடிக்கு 128 கிலோபிட்டில், ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுகள் என்று வைத்துக்கொண்டால் 4 ஜிபியில் எழுநூறுக்கு மேல் அடங்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பன்னிரண்டு பாட்டு போதும். என் இரண்டாவது பெட்டியை இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மேலே 64 ஜிபி என்று போட்டிருந்தது. முந்நூறு பாட்டுக்கு மேல் ஏற்றியதும் புதிதாக ஏற்றியவை எல்லாம் உடைந்து ஒலித்தன. உள்ளே இருந்த சில்லு தன் அளவைப் பொய்யாகச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு, வாங்கிய அன்றே பெட்டியை முழுக்க நிரப்பி, கடைசியாக ஏற்றிய பாட்டைக் கேட்டுப் பார்க்கிறேன். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் நீங்களும் இதைச் செய்துவிடுங்கள். ஈப்போவில் ஒரு கடையில் வாங்கிய மூன்றாவது பெட்டிதான் இன்றுவரை உழைக்கிறது.

பாட்டு ஏற்றும்போது யாரும் சொல்லித்தராத இரண்டு விஷயங்கள் உண்டு. மலிவான பெட்டிகளில் பல, தமிழ் எழுத்தைக் காட்டாமல் வெறும் கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் காட்டும். ஆகவே கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டுப் பெயர் வையுங்கள். இன்னொன்று, சில பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நாம் ஏற்றிய வரிசையிலேயே பாடும். பாட்டுகளை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் ஏற்றினால் சிக்கல் இல்லை. பாட்டுச் செயலிகளில் இறக்கி வைத்த பாட்டுகள் இந்தப் பெட்டிக்கு வராது, அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். வீட்டில் இருக்கும் குறுந்தட்டுகளை எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். என் வரிசையில் முதல் இரண்டும் மெதுவான பாட்டுகள், நடைக்கு. பிறகு காலடிக்குத் தாளம் பொருந்துகிறவை. திரும்பி வரும் வழியில் பழைய ரப்பர் ஆலைக்கு அருகே ஓர் ஏற்றம் வரும். அதற்கென்றே உறுமி மேளம் ஒன்று வைத்திருக்கிறேன். அந்த அடி தொடங்கினால் கால் தானாகவே எழும்.

இயர்போன் கம்பி உள்ளதா, இல்லாததா? நான் கம்பி உள்ளதையே விரும்புகிறேன். கம்பியில்லாததையும் தனியாகச் சார்ஜ் செய்ய வேண்டும், புளூடூத் இணைப்பு பெட்டியின் பேட்டரியையும் சீக்கிரம் தின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எஃப்எம் வானொலி உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் அந்தக் கம்பிதான் ஆன்டெனா. சனிக்கிழமைகளில் மெதுவாக நடக்கும்போது மின்னல் எஃப்எம் கேட்பது எனக்குப் பழக்கம். சான்டிஸ்கின் கிளிப் வரிசைப் பெட்டிகளில் எஃப்எம்மும் கவ்வியும் சேர்ந்தே வருவதால் அக்காவுக்கு அதையே தேடச் சொன்னேன். புளூடூத் உள்ள பெட்டியாக இருந்தால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் (எம்சிஎம்சி) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு காதைத் திறந்தே வையுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையில் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். விளக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள் வரும், நாய்கள் வரும். எலும்பு வழியாக ஒலி கடத்தும் இயர்போனில் இரண்டு காதுமே திறந்திருக்கும், வசதி உள்ளவர்கள் அதை வாங்கலாம். நான் இடது காதில் மட்டும் மாட்டி, வலது பக்கத்து இயர்போனைச் சட்டைக்குள் விட்டுவிடுகிறேன். ஒலியின் அளவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். செம்மண் சாலையில் டெசிபலை அளக்க நம்மிடம் கருவி இல்லை. என் செருப்புக்குக் கீழே சரளைக் கல் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்கவில்லையென்றால் கட்டைவிரலால் இரண்டு அழுத்து குறைத்துவிட்டு ஓடுவேன்.