நீரிழிவு: ஆய்வுகூடப் பரிசோதனை முதல் வீட்டுக் கண்காணிப்பு வரை

நீரிழிவு இருக்கிறதா என்பதை வீட்டிலுள்ள குளுக்கோமீற்றரை, அதாவது இரத்தச் சீனியை அளக்கும் சிறு கருவியைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. ஆகவே முதற்படி, குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் சென்று, ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுப்பதாகும். வன்னியின் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் புறப்படுபவர்கள், வழியில் குடிக்கும் சீனி போட்ட தேநீரும் முடிவைக் கெடுத்துவிடும் என்பதால், சாப்பாட்டுப் பொதியைக் கையோடு கொண்டுசென்று இரத்தம் கொடுத்த பின்னரே உண்ண வேண்டும்.

வெறுவயிற்றில் இரத்தச் சீனியின் அளவு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது எச்பிஏ1சி (HbA1c) எனும் இரத்தப் பரிசோதனை 6.5 சதவீதத்தை எட்டினால், அது நீரிழிவைக் குறிக்கும். கடுந்தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி மெலிதல் போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையால் அதை உறுதிப்படுத்துவார்கள். கடைசி இரண்டு மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்தச்சோகையோ சிறுநீரக நோயோ உள்ளவர்களிடம் பிழையான எண்ணைத் தரக்கூடும் என்பதால், அவற்றை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோய் உறுதியான பின்னரே கருவிக்கு வேலை வருகிறது. மாம்பழமோ பனங்கட்டியோ தொட்ட விரலில் அளவு பொய்யாகக் கூடும். ஆதலால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். இரத்தத் துளியை ஏற்கும் சிறு பட்டையான ஸ்ட்ரிப்பைக் கருவியில் செருகி, புதிய ஊசியால் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, துளியை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொடவிட்டால் சில விநாடிகளில் எண் தெரியும். ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது.

வன்னியின் வெயிலில் ஸ்ட்ரிப்புகளைக் காப்பதுதான் பலரும் கவனியாத விடயம். பெரும்பாலானவற்றை 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழான தட்டும் மோட்டார் சைக்கிளின் ஆசனப் பெட்டியும் அதற்கு உகந்தவையல்ல. ஈரம் ஆகாது என்பதால் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். சொந்தக் குப்பியிலேயே இறுக மூடி நிழலான உள்ளறையில் வையுங்கள்.

எப்போது அளப்பது? தினமும் காலையில் மட்டும் அளந்து திருப்தியடைவதைவிட, ஒரே உணவுக்கு முன்பும் முதல் வாய் உண்டதிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்தும் அளந்து, உண்டதையும் சேர்த்துக் கொப்பியில் எழுதுவது எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தெரிகிறது. குரக்கன் பிட்டு எவ்வளவு உண்டாலும் இரத்தச் சீனி ஏறாது என்று நம்புபவர்களுக்கு அந்த இரு எண்களே பதில் சொல்லும், குரக்கனும் மாப்பொருள்தான். பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130, பின்னர் 180க்குக் கீழ் என்பன இலக்குகள். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் வேறு இலக்கு சொல்வார்.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு வயலில் வேலை செய்கையில் வியர்வையும் நடுக்கமும் வந்தால், வெயிலின் களைப்பென்று விட்டுவிடாமல், இரத்தச் சீனி மிகக் குறைந்துவிட்டதா என்று உடனே அளக்க வேண்டும். 70க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளக்கவும். கருவி கையில் இல்லாவிட்டால் சீனியை முதலில் கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண்களையும் சிறுநீரில் புரதத்தையும் ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும். பாதங்களை மட்டும் தினமும் பார்க்க வேண்டும். போரில் ஒரு காலை இழந்தவர்கள், எஞ்சிய பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாடி வைத்தாவது பார்த்து, சிறு கீறலையும் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திராமல் காட்டிவிட வேண்டும்.