டேட்டாவ வச்சு சமூக நீதி பத்தி படிக்கணும்னா எங்கருந்து ஆரம்பிக்கலாம்

டேட்டா சயின்ஸ் படிச்சு சமூகத்துக்கு ஏதாவது பண்ணணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல தேடுறது கோர்ஸ்தான். அத கொஞ்சம் தள்ளி வைங்க, முதல்ல ஒரே ஒரு கேள்விய பிடிங்க. "ஏழைங்களுக்கு உதவணும்"ங்குறது நல்ல மனசு, ஆனா கேள்வி இல்ல. "இந்த உதவித்தொகைக்கு தகுதி இருந்தும் யாருக்கெல்லாம் கிடைக்கல, அவங்க விண்ணப்பம் எந்த மேசையில நின்னு போச்சு"ன்னு கேட்டா அது கேள்வி, ஏன்னா அதுக்கு என்ன டேட்டா வேணும், அது யார்கிட்ட இருக்கும்னு உடனே யோசிக்க முடியும்.

அடுத்து கொஞ்சம் வரலாறு படிங்க. இது கம்ப்யூட்டர் வந்தப்புறம் ஆரம்பிச்ச வேலை இல்ல. அமெரிக்காவுல கறுப்பின மக்கள கும்பலா சேந்து அடிச்சு கொன்ன கொடுமைய ஐடா பி. வெல்ஸ்ங்குற கறுப்பின பத்திரிகையாளர் 1895லயே எண்ணி, வருஷ வாரியா, சொல்லப்பட்ட காரண வாரியா பட்டியல் போட்டாங்க, அதுவும் வெள்ளைக்காரங்க நடத்துன பத்திரிகை வெளியிட்ட கணக்க வச்சே போட்டாங்க, எண்ணிக்கைய மிகைப்படுத்துறாங்கன்னு யாரும் தள்ளிடக்கூடாதுன்னுதான் அப்படி பண்ணாங்க. இத ஒரு முறையாவே கத்துக்கலாம், யார கேள்வி கேக்குறீங்களோ அவங்க ரெக்கார்டுலருந்தே ஆரம்பிக்கிறது. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு டு பாய்ஸ்ங்குற கறுப்பின சமூகவியலாளர் தன் மாணவர்களோட சேந்து, அமெரிக்க கறுப்பின மக்களோட வாழ்க்கைய பத்தி கையால வரைஞ்ச சார்ட்டுகளையும் தேடி பாருங்க, இன்னிக்கு பாத்தாலும் கண்ண எடுக்க முடியாது.

இப்ப முக்கியமான பயிற்சிக்கு வரேன், நேரம் கம்மின்னா இத மட்டுமாவது பண்ணுங்க. ஏதாவது ஒரு டேட்டா ஷீட்ட திறந்துட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் மூணு கேள்வி எழுதுங்க: இத நிரப்புனது யாரு, எதுக்காக நிரப்புனாங்க, இதுல வராம போனது யாரு. ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல எந்த நோயாளிக்கு கூடுதல் கவனிப்பு தேவைன்னு பொறுக்கி எடுக்க ஒரு அல்காரிதம் ஓடிட்டு இருந்துச்சு, 2019ல சியாட் ஓபர்மேயர்ங்குற ஆராய்ச்சியாளரோட குழு அத பிரிச்சு பாத்தாங்க. அதுக்குள்ள இனம்ங்குற கட்டமே கிடையாது, பாக்க சுத்தமா இருந்துச்சு. ஆனா யாரு எவ்வளவு நோயாளின்னு கணிக்கிறதுக்கு பதிலா யாருக்கு எவ்வளவு செலவாகும்னு அது கணிச்சுட்டு இருந்துச்சு, கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்கு மருத்துவத்துல காலங்காலமா கம்மியாதான் செலவு பண்ணிருக்காங்க, அதனால அவங்க நல்லாதான் இருக்காங்கன்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சு. அந்த தப்ப சரி பண்ணா கூடுதல் உதவி கிடைக்குறவங்கள்ல கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்துலருந்து 46.5 சதவீதமா ஏறும்னு கணக்கு வந்துச்சு. ஒரே ஒரு கட்டம், எத பாக்கணுமோ அதுக்கு பதிலா வேற ஒண்ண பாத்ததுல வந்த வினை.

அப்புறம் சராசரிய நம்பாதீங்க, எந்த எண்ணையும் குழு குழுவா உடைச்சு பாருங்க. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ருன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் 2018ல முகத்த வச்சு ஆணா பெண்ணான்னு சொல்ற மூணு சாஃப்ட்வேர சோதிச்சப்ப, வெளுத்த நிற ஆண்கள்ல தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம்தான், கருத்த நிற பெண்கள்ல 34.7 வரைக்கும் போச்சு. மொத்த சராசரிய மட்டும் பாத்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது. நிறத்த தனியா, பாலினத்த தனியா பாத்திருந்தாலும் முழுசா தெரிஞ்சிருக்காது, ரெண்டையும் சேத்து பாத்ததாலதான் வெளிய வந்துச்சு.

டூல்ஸ் பெரிய விஷயம் இல்லைங்க. எக்செல்ல ஆரம்பிங்க, அப்புறம் பைதான் அல்லது ஆர்னு ஏதாவது ஒரு ப்ரோக்ராமிங் மொழி, மேப் போட க்யூஜிஐஎஸ், இதுல பைதான், ஆர், க்யூஜிஐஎஸ் மூணும் இலவசம். புள்ளியியல்ல சாம்பிளிங்கும் (மொத்த பேர்லருந்து கொஞ்ச பேர மட்டும் எடுத்து பாக்குறது), விடுபட்ட டேட்டாவ எப்படி கையாளுறதுங்குறதும் நல்லா தெரிஞ்சா போதும், மத்தது போகப்போக வரும்.

ஸ்க்ரீனோட நின்னுடாதீங்க. 1994ல ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்குற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு ஊர் நடுவுல மக்கள உக்கார வச்சு, அரசு வேலைக்கு கூலி குடுத்ததா எழுதின மஸ்டர் ரோல சத்தமா படிச்சாங்க, யாரு வேலையே செய்யல, யாருக்கு காசே வரலன்னு மக்களே எழுந்து சொன்னாங்க. அதுலருந்து வளந்த போராட்டம்தான் 2005 தகவல் அறியும் உரிமை சட்டம் வர்றதுக்கு ஒரு பெரிய காரணம். உங்க டேட்டாவயும் அதுல இருக்குறவங்களுக்கு படிச்சு காட்டுங்க, எந்த கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் கண்டுபிடிக்காத தப்ப அவங்க ஒரே நிமிஷத்துல சொல்லுவாங்க.

இன்னொன்னு, யாருக்காக சேகரிக்கிறீங்களோ அவங்களுக்கே அது ஆபத்தா திரும்பலாம். 1943ல ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவேடு இருந்த கட்டடத்துக்கு நாஜி ஆக்கிரமிப்ப எதிர்த்த இயக்கத்துக்காரங்களே குண்டு வச்சாங்க, ஏன்னா யூதர்கள தேடி பிடிக்க நாஜிகளுக்கு அந்த பதிவேடுதான் உதவுச்சு. அதனால பேரு, முகவரி தேவையில்லன்னா வாங்கவே வாங்காதீங்க, பத்திரமா வச்சுக்கலாம்ங்குற நினைப்பே வேணாம்.

முதல் ப்ராஜெக்ட் சின்னதா இருக்கட்டும், ஒரு கேள்வி, ஒரு ஷீட், ரெண்டு பக்க அறிக்கை, அவ்ளோதான். அந்த ரெண்டு பக்கத்துல ஒரு பத்திய "இந்த டேட்டாவுல யாரெல்லாம் இல்ல"ன்னு எழுத ஒதுக்குங்க, அத கடைசில போடாம முதல் பக்கத்துலயே போடுங்க.